பந்தி

பந்தி என்பது விருந்தினர் வரிசையாக அமர்ந்து ஒரே நேரத்தில் உண்ணும் முறை. திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கோயில் கொடை, நீத்தார் சடங்கு எனத் தமிழர் வீடுகளின் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் இது இடம்பெறுகிறது. வரிசை எனப் பொருள்படும் 'பங்க்தி' என்னும் வடசொல்லிலிருந்து வந்த பெயர் இது. சீக்கியர்களின் லங்கரில் தரையில் வரிசையாக அமர்வதைக் குறிக்கும் 'பங்கத்' என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததுதான். உணவின் சுவைக்கு இணையாக, யார் யாருடன் அமர்கிறார், யார் பரிமாறுகிறார், உண்ட இலையை யார் எடுக்கிறார் என்பவையும் பந்தியில் முக்கியமானவை. தமிழர் விருந்துக் கலையின் நயம் வெளிப்படும் இடமும், தமிழ்ச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு வெளிப்பட்ட இடமும் இந்த வரிசையே.

பழந்தமிழ் நூல்களில்

விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் 'புதுமை'. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறுகையில், புதிதாக யாக்கப்படும் செய்யுளையே குறிக்கிறது. பின்னர் அச்சொல் வீட்டுக்குப் புதிதாக வந்தவரையும், அவருக்கு இடப்படும் உணவையும் குறிக்கலாயிற்று. இதன்படி உறவினருக்கு இடுவதைக் காட்டிலும் முன்பின் அறியாதவருக்கு இடுவதே விருந்து என்ற சொல்லுக்கு நெருக்கமானது. திருக்குறளின் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். முகர்ந்தாலே வாடிவிடும் அனிச்சம்பூவோடு விருந்தினரை ஒப்பிட்டு, முகம் மாறி நோக்கினாலே அவர் வாடிவிடுவார் என்று அவ்வதிகாரம் முடிகிறது. விருந்தில் சமையலைவிடக் கடினமானது எது என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார்.

வாழையிலையில் உணவிடும் காட்சி சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் விரிவாக வருகிறது. மதுரையின் புறஞ்சேரியில் ஆய்ச்சியர் குடியில் தங்கியிருக்கும் கண்ணகி, மாதரி தந்த காய்கனிகளையும் அரிசியையும் கொண்டு சமைக்கிறாள். பனையோலைத் தடுக்கில் கோவலனை அமர்த்தி, அவன் கால் கழுவ நீர் அளித்து, தரையில் நீர் தெளித்து, வாழையின் இளங்குருத்தை விரித்துப் படைக்கிறாள். உண்டபின் வெற்றிலை பாக்கு தருகிறாள். தடுக்கு, நீர், இலை, சோறு, தாம்பூலம் என்ற இந்த ஒழுங்கு இன்றைய திருமண மண்டபத்திலும் பெரிதாக மாறவில்லை. பலகையின் இடத்தை நாற்காலியும், கால் கழுவும் நீரின் இடத்தைக் கைகழுவும் தொட்டியும் பிடித்துக்கொண்டன. கோவலன் சிலம்பு விற்கப் புறப்பட்டுக் கொலையுண்பது இந்த உணவுக்குப் பிறகுதான் என்பதால், இளங்கோவடிகள் இவ்வளவு நிதானமாக இலை விரித்துக் காட்டியதன் கனத்தை வாசகர் பின்னரே உணர்கிறார்.

இலை

நுனியோடு கூடிய முழு இலை 'தலைவாழை இலை' அல்லது 'நுனி இலை' எனப்படும். நுனி நீக்கிய நடுப்பகுதித் துண்டு 'ஏடு'. மாப்பிள்ளை, சம்பந்தி, பெரியவர்கள் ஆகியோருக்கு நுனி இலை இடுவது மரியாதை. எல்லோருக்கும் நுனி இலை இட்ட திருமணம் என்றால் ஊரில் சில நாள் பேச்சு இருக்கும். தமிழகத்தில் இலைக்காகப் பரவலாகப் பயிரிடப்படும் வகை பூவன். காற்றில் கிழிந்த இலை சந்தையில் விலைபோகாது. பந்தியிலும் கிழிந்த இலையை விருந்தினர் முன் விரிப்பதில்லை.

நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இதற்குக் காரணம் எளியது. உண்பது வலக்கை. இலையின் அகன்ற பகுதி வலப்பக்கம் அமைந்தால் சோற்றைப் பிசைய இடம் கிடைக்கும். குறுகலான நுனிப் பக்கத்தில் உப்பு, ஊறுகாய் போன்று சிறிதளவே வைக்கப்படுபவை அடங்கிவிடும். குறுக்கே ஓடும் நடுநரம்பு இலையை இரண்டாகப் பிரிக்கிறது. மேல்பாதி தொட்டுக்கொள்ளும் கறிவகைகளுக்கு, உண்பவரை ஒட்டிய கீழ்பாதி சோற்றுக்கு. அமர்ந்தவர் நீர் தெளித்து இலையைத் துடைத்த பின்னரே பரிமாறத் தொடங்குவர்.

பரிமாறும் முறை

மேல்பாதியின் இடமூலையில் உப்பில் தொடங்கி, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல், அவியல் என்று வலப்பக்கம் நகர்வது வழக்கம். வடை, அப்பளம், இனிப்பு ஆகியவற்றின் இடம் ஊருக்கு ஊர் மாறும். சோறு வருமுன் இவை எல்லாம் இலையில் இருக்க வேண்டும். சோற்றோடு பருப்பும் நெய்யும் அடுத்தடுத்து வர வேண்டும். சோறு விழுந்து, பருப்பு வாளி நான்கு இலைக்கு அப்பால் நின்றுவிட்டால் அந்தப் பந்தி தடுமாறத் தொடங்கிவிட்டது என்று அனுபவமுள்ளவர்கள் அறிவர். பருப்புக்குப் பின் சாம்பார், சிலவிடங்களில் வற்றல் குழம்பு அல்லது மோர்க்குழம்பு, பிறகு ரசம், பாயசம், இறுதியில் மோர். கெட்டியாகவும் காரமாகவும் தொடங்கி, நீர்த்தும் குளிர்ந்தும் முடியும் வரிசை இது. ரசத்துக்குச் சோற்றில் குழி செய்துகொள்ளத் தெரியாதவரின் இலையிலிருந்து அது மேசை ஓரம் வரை ஓடிவிடும். பந்திக்குப் புதியவரை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் ரசம்தான்.

பரிமாறுபவர் உண்பவரின் எதிரே நின்று, குனிந்து, சிந்தாமல் இட வேண்டும். கரண்டி இலையில் படக்கூடாது, ஏனெனில் ஒருவரின் எச்சில் அடுத்தவருக்குப் போய்விடும். ஒரே வாளியை ஐம்பது இலைக்குக் கொண்டுசெல்லும் முறைக்கு இது அடிப்படைத் தேவை. முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் விதி. தெரிந்தவருக்கு ஒரு வடை கூடுதலாக வைப்பதையே தமிழில் 'பந்தி வஞ்சனை' என்கின்றனர். ஒரே வரிசையில் அமர்ந்தவர்களுக்குள் வேறுபாடு காட்டுவது கண்டிக்கத்தக்கது என்பதை இச்சொல் ஒத்துக்கொள்கிறது. வரிசைக்குள் யாரை அமரவிடுவது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பந்தி விசாரிப்பு

வீட்டுக்காரரோ நெருங்கிய உறவினரோ இலைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொருவரையும் பார்த்துப் பேசுவது பந்தி விசாரிப்பு. சமையல் நன்றாக இருந்தும் விசாரிப்பு இல்லாத விருந்து குறையுள்ளதாகவே நினைவில் நிற்கும். இதில் கேட்கும் முறை ஒரு நுட்பம். "வேணுமா?" என்று கேட்டால் விருந்தினர் கூச்சத்தில் "வேண்டாம்" என்பார். அதனால் "இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க", "ரசம் ஊத்தச் சொல்லட்டுமா?" என்றே கேட்பர். விருந்தினர் வாய்திறந்து கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதே இதன் உட்பொருள். மறுப்பவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறைப்பார். அதற்கு மேலும் வற்புறுத்தி இடுவதை அன்பு என்று கொள்வோர் உண்டு. வீணாகும் சோற்றைப் பார்க்கும்போது அதை அன்பு என்று ஏற்பது கடினம்.

எல்லோருக்கும் பரிமாறிய பின்னரே உண்ணத் தொடங்குவதும், பக்கத்தில் இருப்பவர் முடிக்கும் வரை எழாதிருப்பதும் பழைய ஒழுங்கு. உண்டு முடித்தவர் இலையைத் தம்மை நோக்கி மடிப்பது மனநிறைவைக் குறிக்கும். துக்க வீட்டில் எதிர்ப்புறமாக மடிப்பர். சில பகுதிகளில் இவ்வழக்கம் இதற்கு நேர்மாறாகவும் உள்ளது. வெளியூர்ப் பந்தியில் அருகிலிருப்பவரைப் பார்த்து மடிப்பதே பாதுகாப்பு.

வட்டார வேறுபாடுகள்

நாஞ்சில் நாட்டு விருந்தில் எரிசேரி, துவரன், புளிசேரி, பிரதமன் ஆகியவை இடம்பெறும். கேரளத்தின் சத்யாவோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு. அங்கே பாயசத்தை இலையிலேயே ஊற்றி, பழமோ அப்பளமோ சேர்த்துப் பிசைந்து உண்பர். செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசி இனிப்பு, நகரத்தாரின் பர்மா வணிகத் தொடர்பை நினைவூட்டுகிறது. புலால் விருந்துகளில் வரிசை முற்றிலும் வேறு.

வரிசையில் இடம்

நீண்ட காலம் பந்தி சாதிவாரியாகவே பிரிந்திருந்தது. ஒரே வீட்டு விருந்தில் திண்ணையில் சிலரும், முற்றத்தில் சிலரும், தெருவில் சிலரும் அமர்த்தப்பட்டனர். உண்டவர் தம் இலையைத் தாமே எடுத்து, இடத்தையும் துடைக்க வேண்டியிருந்தால் அவர் தாழ்வாகக் கருதப்பட்டார் என்று பொருள். மேலோர் எனப்பட்டவர்களின் இலையைப் பிறர் எடுத்தனர். பெண்கள் ஆண்களின் பந்திகள் முடிந்த பிறகு, மிஞ்சியதை உண்டனர். கணவன் உண்ட இலையில் மனைவி உண்பதைச் சில குடும்பங்கள் கற்பின் அடையாளமாகவே போற்றின.

இதை உடைக்கும் முயற்சிகளும் உணவின் வழியாகவே நடந்தன. இராமலிங்க வள்ளலார் 1867-இல் வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலையில் சாதி, மத வேறுபாடு பாராமல் உணவு வழங்கப்பட்டது. அது இன்றும் தொடர்கிறது. கேரளத்தின் செறாயியில் 1917-இல் சகோதரன் அய்யப்பன், ஒடுக்கப்பட்டோருடன் சேர்ந்து உண்ணும் மிஸ்ரபோஜனத்தை நடத்தி, தம் சாதியினராலேயே ஒதுக்கப்பட்டார்.

தமிழக அரசியலில் பெரும் விளைவை ஏற்படுத்தியது சேரன்மாதேவி குருகுலம். வ. வே. சு. அய்யர் 1922-இல் தொடங்கிய இத்தேசியக் கல்வி நிலையத்துக்குக் காங்கிரஸ் நிதியுதவி செய்திருந்தது. அங்கே பிராமண மாணவர் இருவர் மட்டும், பெற்றோரின் வேண்டுகோளின் பேரில், தனியே உண்ண அனுமதிக்கப்பட்டனர். பெரியார் ஈ. வெ. ராமசாமி, பெ. வரதராஜுலு நாயுடு ஆகியோர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். தனியாக உண்டவர் இருவர்தானே என்ற சமாதானம் எடுபடவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் ஒரே பந்தி வேண்டும் என்பதே எதிர்ப்பாளர்களின் நிலை. 1925-இல் அய்யர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருகே அருவியில் மூழ்கி இறந்தார். அவ்வாண்டு இறுதியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கு, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டது உடனடிக் காரணம் என்றாலும், குருகுலப் பூசல் அதற்கு வழியமைத்தது.

உணவகங்களிலும் இப்பிரிவினை நெடுநாள் நீடித்தது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் தொடர் மறியல் நடத்திக் கைதாயினர். எல்லாச் சாதியினரும் ஒன்றாக அமரும் 'சமபந்தி போஜனம்' பிற்காலத்தில் அரசு நிகழ்ச்சியாகவே ஆனது. சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளன்றும் தமிழகக் கோயில்களில் 'பொது விருந்து' என்ற பெயரில் இது நடைபெறுகிறது. அதிகாரிகளும் அமைச்சர்களும் படம் எடுத்துக்கொள்ளும் ஒருநாள் சடங்காக அது சுருங்கிவிட்டது என்ற குறை உண்டு. கிராமத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததாகப் பின்னரும் புகார்கள் வந்துள்ளதைப் பார்த்தால் அக்குறை பொய்யல்ல.

இன்றைய நிலை

தரைப் பந்தியின் இடத்தை மேசைப் பந்தி பிடித்துவிட்டது. மேசைமேல் தாள் விரித்து, அதன்மேல் இலை இட்டு, உண்டபின் தாளோடு சுருட்டி எடுக்கின்றனர். உறவினர் பரிமாறிய காலம் போய், சமையல் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சீருடையில் பரிமாறுகின்றனர். வேகமும் சீரும் கூடியிருக்கின்றன, முகம் தெரிந்தவர் இடும் உணவு குறைந்திருக்கிறது. நின்றபடி தட்டில் எடுத்து உண்ணும் பஃபே முறையும் நகரங்களில் பரவியுள்ளது. முதியவர்களுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் அது வசதியாக இல்லை. எனினும் யாருக்கும் யாரும் இடம் ஒதுக்க வேண்டாத முறை அது.

கூட்டம் மிகுந்த மண்டபங்களில் உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்றுகொள்வது இன்று பெரும் இடைஞ்சலாக உள்ளது. வாசலில் பன்னீரும் சந்தனமும் கற்கண்டும் தந்து வரவேற்கப்பட்டவர், மோருக்குக் காத்திருக்கும்போது முதுகில் ஒருவரின் மூச்சை உணர்கிறார். சில மண்டபங்களில் உணவுக்கூடக் கதவை மூடி, ஒரு பந்தி முழுதும் எழுந்து மேசை துடைக்கப்பட்ட பின்னரே திறக்கின்றனர்.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் மீதான தடை, உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளையும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டையும் உள்ளடக்கியது. மாற்றுப் பொருள்களாக அரசு பரிந்துரைத்தவற்றுள் வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் இருந்தன. உண்டபின் மாட்டுக்குத் தீவனமாகும் வாழையிலையைக் கழுவவும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம்.