காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை

ஷா ஆலமில் வாடகை வீடு எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் பலருக்கும் கிளினிக் என்றால் எம்.சி. வாங்கும் இடம். விரிவுரைக்குப் போகாததற்குச் சான்று வேண்டுமா, கடைவரிசையில் இருக்கும் கிளினிக்கில் ஒருமுறை தலைகாட்டினால் போதும். சளிக் காய்ச்சலுக்கு அது சரிதான். டிங்கிக்குச் சரிப்படாது. டிங்கி நாள்கணக்கு வைத்துப் பார்க்கவேண்டிய நோய்.

2019ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். 2023இல் 123,133 பேர், இறப்பு 100. மாநிலங்களின் பட்டியலில் முதலிடம் சிலாங்கூருக்குத்தான்.

காய்ச்சல் தொடங்கிய நாளைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க நாள்களில் டிங்கிக் கிருமி என்.எஸ்.1 என்ற புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. கிளினிக்கில் செய்யும் உடனடிப் பரிசோதனை தேடுவது அதைத்தான். ஐந்தாறு நாள் கழித்துப் போனால் அந்தப் புரதம் குறைந்திருக்கும். உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத்தான் அப்போது தேடவேண்டும். முன்பு ஒருமுறை டிங்கி கண்டவருக்கு என்.எஸ்.1 சோதனை தவறவிடும் வாய்ப்பும் கூடுதல். மருத்துவர் “எத்தனையாவது நாள்?” என்று கேட்கும்போது “ரெண்டு மூணு நாளா இருக்கும்” என்று இழுப்பது அவருக்கு உதவாது.

இனி விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். மாணவர் குளித்துவிட்டு வகுப்புக்குப் புறப்படுவார். ஆபத்தான கட்டம் தொடங்குவதோ அப்போதுதான். நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. ஒன்று, இரண்டு நாள் இக்கசிவு நீடிக்கும். உள்ளே மிஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது. பரிசோதனைத் தாளில் ஹெமட்டோகிரிட் அளவு ஏறுவது அதனால்தான். இளைஞரின் இதயம் வேகமாகத் துடித்து இரத்த அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும். நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார். பிறகு அழுத்தம் திடீரெனச் சரியும்.

நம்மவர்கள் பார்ப்பதெல்லாம் தட்டணு எண்ணிக்கையைத்தான். உடனே பப்பாளி இலைச் சாறு வீட்டிலிருந்து வந்துவிடும். அச்சாறு தட்டணுக்களை விரைவாகக் கூட்டுகிறது என்று மலேசிய ஆய்வாளர்களே 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள், உண்மை. ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கசிவு. சாறு குடித்துவிட்டதால் மறுநாள் பரிசோதனை வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கக்கூடாது.

மூன்றாம் நாளிலிருந்து, காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் ஆகும்வரை, தினமும் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது இங்குள்ள மருத்துவ நடைமுறை. தனியார் கிளினிக்கில் இது மாணவரின் கையைக் கடிக்கும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. செக்‌ஷன் 7இல் சுகாதார கிளினிக் இருக்கிறது. 2015இல் திறந்த ஷா ஆலம் மருத்துவமனையும் அதே செக்‌ஷனில்தான். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் கூடும். காப்புறுதி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழுந்து நிற்கமுடியாத சோர்வு, ஐந்தாறு மணிநேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கிளினிக் வரிசை வேண்டாம், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. அம்மா பக்கத்தில் இல்லை. இதைக் கவனிக்கவேண்டியவர் அறைத்தோழர். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், வலி ஊசி மூன்றும் இரத்தக்கசிவைக் கூட்டும்.

செக்‌ஷன் 7 அடுக்குமாடிகள் இன்னொரு வகையிலும் பேர்பெற்றவை. வொல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை நாட்டில் முதலில் பறக்கவிட்ட இடங்களில் அவையும் சேர்த்தி. அப்பகுதிகளில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. மீதி 60 இன்னும் இருக்கிறது.

டிங்கி என்று தெரிந்ததும் மருத்துவர் 24 மணிநேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிப்பில் உள்ள முகவரியை வைத்துத்தான் கொசு ஒழிப்புக் குழு புறப்படுகிறது. உங்கள் அடையாளக் கார்டில் இருப்பது சித்தியவான் வீட்டு முகவரி என்றால், பதிவு மேசையில் வாடகை வீட்டு முகவரியைக் கேளாமலே சொல்லிவிடுங்கள்.