போர்வைக்குள் ஒரு பாத்திரம்!

டிசம்பர் 20 வாக்கில் கோபன்ஹேகன் சூரியனைப் பார்க்க வேண்டுமே! காலை எட்டரைக்கு மேல்தான் டியூட்டிக்கு வருவார். மாலை மூணே முக்காலுக்குள் ஆள் எஸ்கேப்!

இங்கே ஆபீஸ்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாலு மணி வாக்கில் மானேஜர் உள்படப் பலரும் கிளம்பிவிடுகிறார்கள். எங்கே? காப்பகத்திலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு, ஆறு மணிச் சாப்பாட்டுக்கு அடுப்படியில் நுழைய. ஆம்பளைங்களும்தான் சார்!

எங்கள் வீட்டில் சனிக்கிழமை சமையல் என் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்த பால் கஞ்சிதான் ஸ்பெஷல். குட்டை அரிசியைப் பாலில் போட்டு, நன்றாகக் கொதித்ததும் மூடி, துண்டு சுற்றி, கட்டிலில் தடிப் போர்வைக்குள் படுக்க வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அடிபிடிக்காது, கரண்ட்டும் மிச்சம். அந்தக் காலத்து டேனிஷ் பாட்டிகளின் டெக்னிக்! மேலே சர்க்கரை, பட்டைத்தூள். நடுவே ஒரு கட்டி வெண்ணெய்.

"உஷ்... கஞ்சி தூங்குது!" என்று என் அஞ்சு வயசுப் பெண் காவல் காப்பாள்.

சாப்பிட்டு எழும்போது, சமைத்தவரைப் பார்த்து 'தக் ஃபோர் மாத்' என்று சொல்வது இங்கே வழக்கம். 'சாப்பாட்டுக்கு நன்றி' என்று அர்த்தம். காப்பகத்தில் கற்றுக்கொண்டு வந்து மகள் என்னிடம் சொன்னபோது, மூணு மணி நேர உழைப்பும் ஜில்லென்று ஆகிவிட்டது.

ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நாப்பது வருஷமா சமைக்கிறேன். ஒருதடவை அப்படிச் சொல்லியிருந்தா நல்லாத்தான்டா இருந்திருக்கும்..."

பின்னணியில் அப்பா பேப்பர் புரட்டும் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.