பிரேக் இல்லாத சாம்பியன்

அந்த மோட்டார் சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. 500 சிசி என்ஜின் குடிப்பது பெட்ரோல் அல்ல, மெத்தனால். மண் கொட்டிய நீள்வட்டத் தடத்தில் நான்கு பேர், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நான்கு சுற்று வருவார்கள். வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இடது காலில் மாட்டிய இரும்புக் காலணியைத் தரையில் தேய்த்தபடி திரும்ப வேண்டும். சுமார் ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இந்த ஸ்பீட்வே பந்தயத்தில் ஆறு முறை உலக சாம்பியனானவர் நியூசிலாந்தின் ஐவன் மேஜர். (பெயர்தான் மேஜர், ராணுவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.)

1939-ல் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தவர். அந்த ஊர் மண்ணில் என்ன இருந்ததோ, அங்கே வளர்ந்த ரோனி மூர் 2, பாரி பிரிக்ஸ் 4, மேஜர் 6 என மூவருமாக 12 உலகப் பட்டங்களை அள்ளினார்கள். மூவரில் தாமதமாகப் பழுத்தவர் மேஜர்தான். 1957-ல் 17 வயதில் இளம் மனைவியுடன் இங்கிலாந்துக்குப் போய், மூர் கொடிகட்டிப் பறந்த விம்பிள்டன் அணியில் சேர்ந்தார். வாய்ப்புகள் அபூர்வம். கிடைத்தபோதும் சோபிக்கவில்லை. ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

1963-ல் மீண்டும் இங்கிலாந்து, இம்முறை நியூகாசில் அணி. வந்தவர் வேறு ஆள். புறப்பாட்டில் முந்துபவருக்குத் தடம் சுத்தமாகக் கிடைக்கும். பின்னால் வருபவர்களுக்கு மண்மாரிதான். எனவே முதல் வளைவுக்கு முன்பே பந்தயத்தை முடித்துவிடுவது மேஜரின் வழியானது. சாகசம் போதாது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் பட்டங்கள் வந்தன: 1968-ல் கோதன்பர்க், 1969-ல் வெம்ப்ளி, 1970-ல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப். தொடர்ந்து மூன்று முறை அதற்கு முன் எவரும் வென்றதில்லை. வென்றால் வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருவதாகச் சொல்லியிருந்த இரு அமெரிக்க ரசிகர்கள் சொன்னபடியே செய்தார்கள்.

அவர் பெரும்பாலும் ஓட்டியது ஜாவா. மைசூர் ஜாவாவில் ஊர் சுற்றிய நம்மவர்களுக்குப் பரிச்சயமான அதே பெயர்தான். ஆனால் இது செக்கோஸ்லோவாக்கியாவில் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வேறு ரகம்.

1972-ல் நான்காவது பட்டம். அடுத்த ஆண்டு போலந்தின் கோஷூஃப் மைதானத்தில் சறுக்கல். அப்போதெல்லாம் 16 வீரர்கள், ஆளுக்கு ஐந்து ஓட்டம், ஒரே நாளில் உலக சாம்பியன் தீர்மானமாகிவிடுவார். மேஜரும் உள்ளூர்க்காரர் யெர்ஸி ஷ்சாகியெலும் 13 புள்ளிகளுடன் சமநிலை. ஷ்சாகியெல் 1971 இறுதிப் போட்டியில் ஒரு புள்ளிகூட எடுக்காதவர். லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம் ஆர்ப்பரிக்க, முந்த முயன்ற மேஜர் எதிராளியின் பின்சக்கரத்தில் இடித்து விழுந்தார். போலந்துக்கு முதல் தனிநபர் உலகப் பட்டம்.

வயதாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. 1977-ல் கோதன்பர்க்கில் ஐந்தாவது பட்டம் வென்றார். 1979-ல் அதே கோஷூஃபுக்குத் திரும்பினார். 40 வயதாக ஒரு மாதமே பாக்கி. உள்ளூர் நம்பிக்கையான ஜெனான் ப்ளெக்கை இரண்டாமிடத்துக்குத் தள்ளி, விழுந்த மண்ணிலேயே ஆறாவது பட்டத்தை எடுத்தார்.

2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில், 78 வயதில் மறைந்தார். தங்க மோட்டார் சைக்கிள் கிறைஸ்ட்சர்ச்சின் கேன்டர்பரி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரே நாள் இறுதிப் போட்டி முறை 1994-டன் முடிந்தது. இப்போது பல சுற்றுத் தொடர். ஒரு நாள் விழுந்தாலும் மறுவாரம் ஈடுகட்டலாம். ஆறு பட்டங்களை ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் 2005-ல் எட்டினார். 2025-ல் எட்டினார் போலந்தின் பார்டோஷ் ஷ்மார்ஸ்லிக். அப்போது அவருக்கு வயது 30. அந்த வயதில் மேஜரிடம் இருந்தவை மூன்று.