சுரைக்கொடிக்கு அக்கம்பக்கம் வேண்டும்

முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை வளைத்துக்கொண்டது 1690-இல். கோட்டை விழுந்தது 1698-இல். இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1692-இன் கடைசியில் மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து, முகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்துவிட்டது. உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமைப் பட்டினி போட வந்தவர்கள் தாங்களே பட்டினி கிடந்தார்கள். முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் தானியம் தேடி வந்தவாசிக்கு ஓட வேண்டியதாயிற்று.

உள்ளே இருந்தவர்களுக்குக் களஞ்சியமும் மலைமேல் சுனையும் இருந்தன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த மராட்டியர் காலத்து 12 கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். அதைப் பார்க்க வருகிறவர்கள் கல்யாண மகாலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அருகில் இருக்கும் களஞ்சியத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கென்னவோ அந்தக் களஞ்சியம்தான் கோட்டையின் முக்கியமான ஆயுதமாகத் தெரிகிறது.

ஆனால் தானியத்தைச் சேர்த்து வைக்கத்தான் மதில் உதவும். காய்கறி விளைவிக்க மதில் உதவாது. அதிலும் சுரை, புடலை, பீர்க்கு போன்ற கொடிகளுக்கு, வேலி தாண்டி வந்துபோகிற யாராவது வேண்டும்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்று உச்சியிலிருந்து இன்று பார்த்தால் ஊர் முழுக்க மொட்டைமாடிகள் தெரியும். தமிழ்நாட்டில் மாடித்தோட்டம் அரசுத் திட்டமானது 2013-14 வாக்கில், முதலில் சென்னையிலும் கோவையிலும். பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் ‘மாடித்தோட்டத் தளை’யில் ஆறு வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், வேம்பு சார்ந்த பூச்சி மருந்து எல்லாம் இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா, வேரழுகல் பூஞ்சையைத் தின்னும் டிரைக்கோடெர்மா ஆகியவையும் பொட்டலங்களாக வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறு பைதான். அதில் சுரைக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆடிப் பட்டத்தில் ஊன்றிய சுரை கொடி ஓடி, பந்தலேறி, வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். ஒரு காய்கூட இருக்காது. “பூவா பூக்குது, ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே” என்ற புலம்பல் எல்லா மாடியிலும் கேட்கும். உரம் போதவில்லை என்று உரத்தைக் கொட்டுவார்கள். தழைச்சத்து கூடினால் இலையும் கொடியும்தான் தழைக்கும், காய் வராது.

சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரே கொடியில் இரண்டும் உண்டு என்றாலும் முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான். பெண் பூ பின்னால் வரும், எண்ணிக்கையிலும் குறைவு. அடையாளம் சுலபம்: பெண் பூவின் கழுத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு குட்டிச் சுரைக்காய் இருக்கும். அதுதான் சூலகம். பூ சாயங்காலம் விரிந்து மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். அந்த ஓர் இரவுக்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் சூல்முடியில் வந்து ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் குட்டிக்காய் மஞ்சளாகி, வெம்பி, உதிர்ந்துவிடும். நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் இருட்டில் வந்து செய்கிற வேலை இது. வெள்ளைப் பூ இருட்டில் தெரியும், புடலையின் நூல்நூலான பூவும் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். பீர்க்கும் மாலையில் விரியும். பூசணியும் பாகலும் காலை வேலைக்காரர்கள், அவற்றுக்குத் தேனீ போதும்.

தனிக்கொடி வைத்திருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பெண் பூ விரிகிற அதே மாலையில் ஆண் பூவும் விரிந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு சரிபாதி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கொடி என்றால் இரண்டு பெண் பூவில் ஒன்று வீண். தெருவில் ஐந்து மாடிகளில் ஐந்து கொடிகள் இருந்தால், ஐந்திலுமே அன்றைக்கு ஆண் பூ இல்லாமல் போகிற வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. மழையும் வெயிலும் எல்லா மாடிக்கும் பொது என்பதால் உண்மையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. மழையில் நனைந்த மகரந்தத் தூள் வெடித்துப் பாழாகும், அது ஐந்து வீட்டுக்கும் சேர்த்தே நடக்கும். என்றாலும் போக்கு அதுதான். போதாததற்கு, ஒரு மாடியில் இரண்டு பூவுக்காக அந்துப்பூச்சி வராது. தெருவே பூத்திருந்தால் வரும். கைப்பிடிச் சுவர் யாருடையது என்று அதற்குத் தெரியாது.

பூச்சியே இல்லாத ஊரிலும் அக்கம்பக்கம் கைகொடுக்கும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தேய்த்தால் போதும். நம் கொடியில் அன்றைக்கு ஆண் பூ இல்லையா? “அக்கா, ஒரு ஆண் பூ இருந்தா குடுங்க” என்று பக்கத்து மாடியில் கேட்டு வாங்கலாம். அப்படிக் காய்க்கிற சுரைக்காய்க்கு அம்மா நம் வீடு, அப்பா அடுத்த வீடு.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. செஞ்சியைச் சுற்றியிருப்பது கருங்கல் குன்றுகள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான பாறை, பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இருட்டிய பின் வெப்பத்தைக் கக்கும். கான்கிரீட் தளமும் அதையேதான் செய்கிறது. வெப்பம் மிகுந்தால் சுரைக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூ கூடும், பெண் பூ குறையும். கோடையில் வெறும் பூவாகப் பூப்பதற்கு அதுவும் காரணம். தளத்தைக் குளிரவைக்கும் வழியும் கொடியிடமே இருக்கிறது. இலை வழியாக ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது அது உறிஞ்சுகிற வெப்பம், 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 40 நிமிடம் எரிந்தால் வரும் வெப்பத்துக்குச் சமம். நன்றாகப் படர்ந்த பந்தல் ஒரு நாளில் பல லிட்டர் விடும். ஒரு மாடியில் மட்டும் பந்தல் என்றால் சுற்றிலுமுள்ள அனல்காற்று வந்து அதை உலர்த்திவிடும். வரிசையாக மாடிகள் பசுமையானால்தான் காற்றே கொஞ்சம் தணியும்.

கத்தரிக்குச் சிக்கல் வேறு மாதிரி. அதன் மகரந்தப் பை நுனியில் ஊசித்துளைதான் உண்டு. அதை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். நம் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட தனித் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து ‘ர்ர்ர்’ என்று உறுமும். தூள் பொலபொலவென்று கொட்டும். கருவண்டு காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியிருக்கும், நீலப்பட்டைக்காரர் மண்சுவரில் பொந்து போடுவார். தெருவில் யாராவது ஒருவர் பட்டுப்போன கிளையை வெட்டாமல் விட்டுவைத்தால் பத்து மாடிக் கத்தரிக்கு அது போதும்.

ஊரே சேர்ந்து பயிரிட்ட கதைகள் உலகில் நிறைய உண்டு. 1942-இல் ஜெர்மானிய முற்றுகையில் சிக்கிய லெனின்கிராடில், புனித ஐசக் தேவாலயத்தின் முன்சதுக்கத்திலேயே முட்டைக்கோஸ் போட்டார்கள். சிங்கப்பூரில் 2005 முதல் அரசே சமூகத் தோட்டங்களை வளர்க்கிறது, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அருகருகே பாத்தி கட்டுகிறார்கள். நம் ஊர்களில் பொதுநிலம் அரிது. மாடிகள்தான் நமக்குப் பாத்தி.

சேர்ந்து வளர்ப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. புதரோரம் தானாக முளைக்கும் பேய்ச்சுரை கடுங்கசப்பு. அதன் மகரந்தமும் அதே அந்துப்பூச்சி வழியாக நம் பூவுக்கு வரலாம். இந்த ஆண்டுக் காயில் ஒரு மாற்றமும் தெரியாது, ஏனென்றால் காயின் சதை தாய்க்கொடியின் சதை. கலப்பு ஒளிந்திருப்பது விதைக்குள். அந்த விதையை உலர்த்தி, சாம்பல் பூசி, நாலு வீட்டுக்குக் கொடுத்தால், அடுத்த ஆடியில் நாலு மாடியிலும் கசக்கிற சுரை காய்க்கலாம். அவரைக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பூ விரியுமுன்பே பெரும்பாலும் தனக்குத்தானே சூல் கொண்டுவிடும். அதனால் அவரை விதையை நம்பி வாங்கலாம். சுரைக்கு ஒரு வீடு பொறுப்பேற்பது நல்லது: மறுநாள் விரியப்போகிற பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் நூலால் கட்டி வைத்து, விரியும் நேரத்தில் அவிழ்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, திரும்பக் கட்டி, அடையாளத்துக்கு ஒரு துணித்துண்டு முடிந்துவிட வேண்டும். அதுவும் ஒரே கொடியோடு நின்றால் சில தலைமுறைகளில் விதை நலிந்துபோகலாம் என்பதால் பல மாடிகளின் கொடிகளை மாற்றிமாற்றிச் சேர்க்க வேண்டும்.

கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு. கசந்த சுரைச்சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்பே நேர்ந்திருக்கிறது. அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து ஆராய்ந்து, கசந்தால் குடிக்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சுரைக்காயை அரியுமுன் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும் வழக்கம் நம் சமையலறைகளில் இருக்கிறதே, அதை மாடிக்கும் கொண்டுபோகலாம். ஒவ்வொரு கொடியின் முதல் காயையும் அப்படிப் பார்த்து, கசந்தால் அந்தக் கொடியை அன்றைக்கே வேரோடு பிடுங்கி, அதே விதையை வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும்.