திருப்புளியும் விரல் நுனியும்: பார்வையற்றோர் பகிர்ந்துகொள்ளும் பழுதுநீக்கும் பாடம்

புதுதில்லி: தில்லியின் கோடை இரவு ஒன்றில் ஒரு வீட்டில் மட்டும் திடீரென மின்சாரம் நின்றுபோனால் முதலில் தேடப்படுவது டார்ச் விளக்கு. அது கிடைத்து, அதன் பேட்டரியும் உயிரோடிருந்தால்தான் மின்பெட்டியைத் திறக்க முடியும். பார்வையற்ற ஒருவர் தம் வீட்டில் இந்தத் தேடலுக்கு இடம் கொடுப்பதில்லை. சுவரோரமாக நடந்து சென்று பெட்டியைத் திறந்து, வரிசையாக இருக்கும் எம்.சி.பி. விசைகளின் மீது விரலை ஓட்டுகிறார். மற்றவை நிமிர்ந்திருக்க எது சாய்ந்திருக்கிறதோ அதுவே கோளாறுக்குரிய இணைப்பு. அதை முழுவதுமாகக் கீழிறக்கி மீண்டும் மேலே தள்ளுகிறார். மறுபடியும் விழுந்தால், அந்த இணைப்பிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடுகிறார்.

பெரும்பாலும் இது பள்ளியில் கற்றது அல்ல. முன்பே செய்து பார்த்த இன்னொரு பார்வையற்றவர் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தது. விடுதி அறைகளிலும், பணியிடத்து உணவு இடைவேளைகளிலும், பதிவு செய்து அனுப்பப்படும் குரல் செய்திகளிலும் இத்தகைய அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறி வருகிறது. "படத்தைப் பார்" என்று சொல்ல வழியில்லாத பாடம் இது. எந்தப் பக்கம், எத்தனை திருப்பு, எப்படிப்பட்ட ஓசை, என்ன வாசனை என்று சொல்லால் மட்டுமே விளக்கியாக வேண்டும். அதனாலேயே இவர்கள் தரும் விளக்கம் பல நிறுவனங்களின் கையேடுகளைவிடத் துல்லியமாக அமைந்துவிடுகிறது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் அதிகம். அவர்களும் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாயும் ஒழுகுகிறது. மின்விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது. பழுதுபார்க்க வரும் பணியாளர் வீட்டுக்காரரிடம் பேசாமல், பக்கத்தில் நிற்கும் பார்வையுள்ள சிறுவனிடம் கணக்குச் சொல்வது இவர்களின் பொதுவான மனக்குறை. மாற்றாத பாகத்தை மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கிச் செல்வோரும் உண்டு. எனவே, ஆளை அழைத்தே ஆக வேண்டிய வேலைக்குக்கூட ஓர் அறிவுரை தவறாமல் பகிரப்படுகிறது: கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

மின்சாரம் நின்றதா என்று அறிவது எப்படி?

பார்வையற்றவர் மின் வேலை செய்வது என்றதும் கேட்பவர் பதறுகிறார். அந்தப் பதற்றம் நியாயமானதே. மின்சாரத்தின் முன் பார்வையுள்ளவரும் ஒருவகையில் பார்வையற்றவர்தான் என்றாலும், கம்பியில் மின்னோட்டம் உண்டா என்பதை டெஸ்டரின் நியான் விளக்கு அவருக்குக் காட்டிவிடுகிறது. விரலுக்கு அந்த விளக்கு எதையும் சொல்லாது. இதற்கு இவர்கள் கண்ட வழி எளிமையானது. வேலை செய்யவேண்டிய சாக்கெட்டில் ஒரு வானொலிப் பெட்டியைச் செருகி உரக்கப் பாடவிட வேண்டும். பிறகு மின்பெட்டிக்குச் சென்று விசைகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எந்த விசையில் பாட்டு நிற்கிறதோ அதுவே அந்த சாக்கெட்டுக்கு உரியது. ஆனால், ஊரிலேயே மின்வெட்டு ஏற்பட்டாலும் பாட்டு நின்றுவிடும் என்பதால், வேறு அறையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் சேர்க்கும் பின்குறிப்பு. அதன் காற்றோசை கேட்கும்வரை மின்சாரம் ஊரில் இருக்கிறது. இந்த சாக்கெட்டில் மட்டும் இல்லை. கம்பியைத் தொடாமலே ஒலியெழுப்பி எச்சரிக்கும் டெஸ்டர்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வாங்கிய பிறகும் வானொலியைக் கைவிடாதவர்கள் உண்டு.

அடுத்த சிக்கல் கம்பியின் நிறம். சிவப்பு, கறுப்பு, பச்சை என்னும் வேறுபாடு விரலுக்கு இல்லை. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்பே அடையாளமிட வேண்டும் என்பது முதல் விதி. ஃபேஸ் கம்பியில் ஒரு ரப்பர் வளையம், நியூட்ரலில் இரண்டு, எர்த்தில் எதுவும் இல்லை. மூன்று முனை பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். அது மேலே இருக்குமாறு, சுவரில் செருகப்போகும் நிலையிலேயே பிளக்கைப் பிடித்தால் வலக்கைப் பக்கம் ஃபேஸ், இடக்கைப் பக்கம் நியூட்ரல். பிளக்கைத் திருப்பிப் பிடித்தால் இடமும் வலமும் மாறிவிடும் என்பதால், "செருகும் நிலையிலேயே பிடி" என்பது பாடத்தில் அழுத்திச் சொல்லப்படும் வரி. பழைய வீடுகளின் சுவருக்குள் இணைப்பே மாறிக் கிடக்கலாம். ஆகவே சுவருக்குள் செல்லும் கம்பிகள் உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உரியவை என்னும் எல்லையையும் விவரம் அறிந்தோர் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

கழற்றிய திருகாணிகளுக்கு ஐஸ் தட்டு பயன்படுகிறது. முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வரவேண்டியதுதான். நம் ஊர் வீடு என்றால் இட்லித் தட்டும் இதற்குப் பொருந்தும். கூரை மின்விசிறி முழு வேகத்தில் வைத்தும் சோம்பலாகச் சுற்றினால் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியது அதிலுள்ள 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை. இதைச் சுழலும் ஓசையிலேயே கண்டுகொள்வோர் பலர். பழைய கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம் என்பதால் அதன் முனைகளைத் தொடக்கூடாது என்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

சமையலறை வேறு வகை. எரிவாயுக் கசிவுக்கு மூக்கே முதல் காவல். கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த வாயுவில் நாற்றம் கலக்கப்படுகிறது. ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தியதை ஒரு 'கிளிக்' ஓசை உறுதிசெய்கிறது. ஆனால், சிலிண்டரின் மறுசோதனைக் காலத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதன் மேற்பட்டையில் வண்ணத்தால் எழுதப்படுகின்றன. எரிவாயுக் குழாயின் காலக்கெடுவும் அச்சிடப்பட்டதுதான். இவற்றை விரலால் படிக்க இயலாது. குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதால், மாற்றிய மாதத்தைப் பிரெய்ல் சீட்டில் குத்தி அடுப்படியில் ஒட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். கசிவு நேர்ந்தால் அழைக்கவேண்டிய 1906 என்ற எண் இவர்களுக்கு மனப்பாடம்.

சாவ்ரி பஜாரும் காஷ்மீரி கேட்டும்

குழாய், வாஷர் வாங்கச் சாவ்ரி பஜார். மின்பொருள்களுக்கு சாந்தினி சௌக்கை ஒட்டிய பாகீரத் பேலஸ். வாகன உதிரிபாகங்களுக்குக் காஷ்மீரி கேட். பழைய தில்லியின் இந்த மூன்று சந்தைகளும் நெரிசலுக்குப் பெயர்போனவை. வெண்கோலுடன் அங்கு நுழைவது எளிதல்ல. ஆயினும் உறையிட்டு அடைக்காத பொருளை எடுத்துத் தடவிப் பார்த்து வாங்க அந்தக் கடைகளில்தான் முடிகிறது. பளபளக்கும் அங்காடியில் பிளாஸ்டிக் உறைக்குள் சிறைப்பட்ட வாஷர் விரலுக்கு எதையும் சொல்வதில்லை. பழைய வாஷரைச் சட்டைப்பையில் போட்டுச் சென்று, அதனுடன் ஒட்டிப் பார்த்து வாங்குவதே வழக்கம்.

காருக்கும் பார்வையற்றவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சட்டப்படி அவர் ஓட்டமுடியாது. ஆனால், கார் குடும்பத்துக்கு உரியது. அதன் செலவு அவருடைய ஊதியத்திலிருந்தும் போகிறது. பல நகரங்களில் நடைபெற்றுவரும் கார் பேரணிகளில் பிரெய்லில் அச்சிட்ட வழித்தாளை வாசித்து ஓட்டுநருக்கு வழிசொல்பவர்கள் பார்வையற்றவர்களே. நெடுஞ்சாலையில் காரின் வேகத்தைத் தானாகவே ஒரே சீராக வைத்திருக்கும் 'குரூஸ் கண்ட்ரோல்' முறையைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1958-இல் கிறைஸ்லர் நிறுவனக் கார்களில் அது அறிமுகமானது.

காரின் பல பாகங்கள் விரலால் படிக்கத்தக்கவை. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. தேய்மானம் அவற்றின் மட்டத்தை எட்டிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான், டயரை மாற்றவேண்டும் என்று பொருள். பேட்டரியின் இரு முனைகளில் நேர்முனை சற்றுத் தடித்திருக்கும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும் மாட்டும்போது அதையே கடைசியிலும் தொடவேண்டும். எண்ணெய் அளவுக் கம்பியைத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால் வழவழப்பு எந்த வெட்டுக்குறி வரை ஏறியிருக்கிறது என்பதை விரல் நுனி சொல்லிவிடும். பட்டை தளர்ந்த கீச்சொலி, பிரேக் தகடு தேய்ந்த உரசல், சூடேறிய கூலண்டின் இனிப்பு நெடி ஆகியவற்றை ஓட்டுநருக்கு முன்னரே பக்கத்து இருக்கையில் இருப்பவர் கண்டுகொள்வது வியப்பல்ல. என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுழலக்கூடும், கையை விடாதே என்ற எச்சரிக்கைகள் எல்லோருக்கும் பொது.

டேராடூனில் தொடங்கிய பாதை

நாட்டில் பார்வையற்றோருக்குக் கைத்தொழில் கற்பிப்பதில் டேராடூனுக்குத் தனி இடமுண்டு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக 1943-இல் அங்கு புனித டன்ஸ்டன் விடுதி தொடங்கப்பட்டது. முதல் உலகப் போரில் கலிப்போலியில் பார்வையை இழந்த நியூசிலாந்துக்காரர் சர் க்ளூத்தா மெக்கன்சி அதற்குத் தலைமை ஏற்றார். துப்பாக்கியைக் கழற்றி மாட்டிய கைகளுக்கு வேறு வேலை கற்பிக்கப்பட்டது. 1950-இல் வயதுவந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையம் உருவாயிற்று. அங்கிருந்து வளர்ந்ததே இன்று பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமாக இயங்குகிறது. தில்லியிலும் 1944-இல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் நிவாரணச் சங்கத்தின் தீபாவளிச் சந்தை மெழுகுவர்த்திகளுக்குப் பெயர் பெற்றது.

நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல், நெசவு, மெழுகுவர்த்தி என்று அந்தத் தொழில்கள் பலருக்குச் சோறு போட்டன. அதில் மாற்றுக் கருத்து இல்லை. எனினும், பிழைப்புக்கான தொழிலைக் கற்பித்த அளவுக்கு, சொந்த வீட்டின் குழாயைத் தானே மாற்றும் துணிவை நம் பயிற்சிமுறை கற்பிக்கவில்லை. காரணத்தை வீடுகளிலும் தேடவேண்டும். பிரெய்ல் எழுத்தைத் தந்த லூயி பிரெய்ல், தந்தையின் சேணப் பட்டறையில் மூன்று வயதில் ஊசி குத்திக் கண்ணிழந்தவர். பின்னாளில் அதைப் போன்ற ஒரு கூர்முனைக் கருவியால்தான் எழுத்துகளைக் குத்தினார். பார்வையற்ற குழந்தை உள்ள வீட்டில் கத்தரிக்கோலும் திருப்புளியும் பூட்டி வைக்கப்படுகின்றன. பெண் குழந்தை என்றால் பூட்டு இரண்டாகிறது. முப்பது வயதில் தனியே குடித்தனம் தொடங்கும்போது திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதை முதல் பாடமாகக் கேட்கவேண்டிய நிலை பலருக்கு.

வழுக்கும் கண்ணாடி

இப்போதைய கவலை வேறு. திருப்பும் குமிழும் அழுத்தும் பொத்தானும் வீட்டுக் கருவிகளிலிருந்து வேகமாக மறைந்துவருகின்றன. துணி துவைக்கும் இயந்திரம், மைக்ரோவேவ், மின்தூண்டல் அடுப்பு என எல்லாவற்றின் முகமும் ஒரே வழவழப்பான கண்ணாடியாகிவிட்டது. குண்டு பல்பின் அருகே கைவைத்தால் எரிகிறதா என்று வெப்பம் சொல்லிவிடும், எல்.இ.டி. விளக்கு அப்படிச் சொல்வதில்லை. டியூப் லைட் சோக்கின் முனகலும் அடங்கிவிட்டது. நீர் சுத்திகரிப்புக் கருவியின் வடிப்பானை மாற்றவேண்டும் என்பதைச் சிவப்பு விளக்கால் மட்டும் அறிவித்தால், அதை விரலால் அறிவது எவ்வாறு? பழைய கருவியைத் தானே பழுதுநீக்கிய ஒருவரால் புதியதை இயக்கவே முடிவதில்லை. இது முன்னேற்றம்தானா என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்புடைய நுகர்பொருள்களின் தயாரிப்பையும் விநியோகத்தையும் அரசு ஊக்குவிக்கவேண்டும் என்கிறது. "ஊக்குவிக்க" என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அணுகல் வசதிக்கான தரநிலைகள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடக் கூடாது, குறைந்தபட்ச விதிகள் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று பார்வைக் குறைபாடு உடைய ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பாக 2022 டிசம்பரில் 'பழுதுநீக்கும் உரிமை'க்கென ஓர் இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்பேசி, வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனம் ஆகிய நான்கு துறைகளும் அதில் அடங்கும். உரிமை என்பது உதிரிபாகம் கிடைப்பதோடு முடிந்துவிடுமா, கையேட்டை வாசித்துக்கேட்கும் வடிவில் பெறுவதும் அதில் சேருமா என்பது இனிமேல்தான் தெளிவாகவேண்டும். படமாகவே ஒட்டப்பட்ட வரைபடங்கள் நிறைந்த கையேட்டைக் கணினியின் குரல் வாசிப்பானால் படிக்க இயலாது.

தொலைபேசி ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. கேமராவைக் காட்டினால் எங்கோ இருக்கும் பார்வையுள்ள தன்னார்வலர் என்ன தெரிகிறது என்று சொல்லும் 'பீ மை ஐஸ்' செயலி 2015-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் வீபர்க் பார்வைக் குறைபாடு உடையவர், மரச்சாமான் கைவினைஞர். பொறி சொல்லும் விவரணையும் 2023-இல் அதில் சேர்ந்தது. கருவியின் பெயர்ப்பலகையை வாசிக்க அது நல்லதே. ஆனால் ஃபேஸ் எது, நியூட்ரல் எது என்பதைச் செயலியின் சொல்லை மட்டும் நம்பித் தீர்மானிப்பது ஆபத்து.

கண்ணாடி முகத்துக்கும் ஒரு கைவைத்தியம் பரவியுள்ளது. பெண்கள் நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டைத் துவைக்கும் இயந்திரத்தில் ஒட்டுவது. தொடவேண்டிய இடத்தின் மேலேயே ஒட்டினால் தொடுகை சரியாகப் பதியாமல் போகலாம். அதற்குச் சற்றுக் கீழே ஒட்டவேண்டும். இயக்குவதற்கு ஒரு பொட்டு, நிறுத்துவதற்கு இரண்டு. ஈரத்துணியால் துடைத்தால் உதிர்ந்துவிடும் என்பதால், வீட்டு வேலைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும் வேண்டும்.