விலங்குகளுக்குப் பின்னால் ஒரு நாள்காட்டி

சீன ஜோதிடம் என்றதும் எலி, எருது, புலி, முயல் என்று பன்னிரண்டு விலங்குகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அவை பிற்பாடு வந்து சேர்ந்தவை. அடிப்படை ஒரு காலக்கணக்கு. 'வானத் தண்டுகள்' பத்து, 'பூமிக் கிளைகள்' பன்னிரண்டு. இரண்டு வரிசைகளும் ஒருசேர நகர்வதால், முதல் ஜோடி மறுபடி வர 60 படிகள் ஆகும். 3000 ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் மன்னர்கள் குறி கேட்ட எலும்புகளில் நாட்களை இப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள். ஆண்டுகளை எண்ணுவது பின்னால் வந்தது. பிரபவ, விபவ என்று நம்மிடமும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. ஆனால் அது வியாழனின் ஓட்டத்தை ஒட்டிய தனிக் கணக்கு.

பிறந்த ஆண்டை 12ஆல் வகுத்தால் மீதி 4 எலி, 5 எருது. இப்படியே போனால் 10 குதிரை. ஆண்டின் கடைசி இலக்கம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் ஒன்றைக் காட்டும். 6, 7 என்றால் நெருப்பு. ஆகவே 2026 நெருப்புக் குதிரை. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். 1990இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 27 அன்றுதான் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 10இல் பிறந்தவர் குதிரை இல்லை, முந்தைய ஆண்டின் பாம்பு.

தொழில்முறை ஜோதிடர் ஆண்டு விலங்கோடு நின்றுவிட மாட்டார். ஆண்டு, மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டு, ஒரு கிளை என எட்டு எழுத்துகளை எழுதிக்கொள்வார். ஒரு நாளைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் இந்த முறையில் இரவு 11 முதல் 1 மணி வரை எலியின் நேரம். நாளுக்குரிய தண்டே ஜாதகரைக் குறிக்கும். மற்ற ஏழும் அதற்குத் துணையா, பகையா என்று பார்ப்பார்கள்.

பிறந்த நேரம் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் நம்பிக்கையின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்றொரு எண்ணம் ஜப்பானில் வேரூன்றியிருந்தது. 1965இல் அங்கே சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை ஆண்டான 1966இல் அது 13.6 லட்சமாகச் சரிந்து, மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது.