மனக்குறையை எழுதிப் பாருங்கள்!

நெய்வேலி நகரியம் நடராஜர் கோயிலில் ஒரு பெட்டியும் ஆராய்ச்சி மணியும் உண்டு. மனக்குறையைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டு, மணியை அடித்துவிட்டு வருவது பக்தர்கள் வழக்கம். கன்றை இழந்த பசுவுக்கு நீதி சொன்ன மனுநீதிச் சோழன் கதைதான் இதற்கு அடிப்படை.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக ஓடும் ஊர் இது. நைட் ஷிப்ட் முடித்து அப்பா வரும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். சொல்ல நினைத்தது மனதிலேயே தங்கிவிடும்.

எழுதினால் பாரம் குறையுமா? அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தினம் 15 நிமிடம், நான்கு நாள், தங்களை வாட்டிய அனுபவங்களை எழுதினார்கள். எழுதியவுடன் மனம் கனத்தது உண்மை. ஆனால் நடந்ததோடு உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது.

நீங்களும் நான்கு நாள் எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டாம். கிழித்துப் போட்டாலும் சரி. அதன் பிறகும் தூக்கம் வரவில்லையா? வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

பசு மணியை அடித்த பிறகுதானே அரசனுக்கே அதன் துயரம் தெரிந்தது!